கொழுஞ்சி தின்ற ஆடுகள்: மதாம் மணல் வீடுகளுக்குப் போன ஒரு சனிக்கிழமை

ஷார்ஜா பாலைவனத்தில் மதாம் என்ற ஊரில் மணல் மூடிக் கிடக்கும் வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடமாக வீட்டில் நச்சரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை போய் வந்தோம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வீடுகளுக்காகப் போகவில்லை. முந்தின நாள் காலையில் செல்வி ஊரிலிருந்து போன் பண்ணினாள். அதற்காகத்தான் போனோம்.

செல்வி என் சித்தப்பா மகன் முத்துராஜின் மனைவி. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். முத்து மதாமைத் தாண்டி ஓர் அஸ்பாவில் ஆடு பார்க்கிறான். அஸ்பா என்றால் அரபிக்காரர்கள் ஊருக்கு வெளியே வைத்திருக்கும் பண்ணை. கொஞ்சம் பேரீச்சை, ஓர் ஆட்டுப்பட்டி, லீவு நாளில் வந்து தங்க ஒரு வீடு, அவ்வளவுதான். அவன் விமானம் ஏறும்போது செல்விக்கு ஏழு மாதம். மகளை இன்றுவரை போனில்தான் பார்த்திருக்கிறான். மே மாதம் லீவு தருவதாகக் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, சொல்லியிருந்தார்.

"மதினி, அவுக ஒரு மாதிரியாப் பேசுதாவ மதினி," என்றாள் செல்வி. "ஆடெல்லாம் என்னையே பாக்குதுங்காவ. அதுக ஆடே இல்லங்காவ. நேத்து பிள்ளையத் தூக்கி வீடியோவுல காட்டுதேன், அவ பின்னால நிக்கது யாருன்னு கேக்காவ. பின்னால யாருமே இல்ல மதினி, வெறுஞ் சொவருதான் இருக்கு. ஓடிப் போயிருவேன்னு வேற சொல்லுதாவ. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

நம் ஊரில் ஓடிப்போக ஜோடி வேண்டும். வளைகுடாவில் தனியாகவே ஓடலாம். கஃபீலிடம் சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் தலைமறைவு என்று கேஸ் எழுதிவிடுவார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்காது, விசா செத்துவிடும், எந்த ரூமிலாவது ஒளிந்து கிடக்க வேண்டும், ஊருக்கு விமானம் ஏறுவதே பெரும்பாடு. பிள்ளையைப் பார்க்கத் துடிக்கிற மனுஷன் ஓடினான் என்றால் பிள்ளையைப் பார்க்கிற வழியைத் தானே அடைத்துக்கொள்கிறான் என்று அர்த்தம். இது முத்துவுக்கும் தெரியும். தெரிந்தும் ஓடுகிறேன் என்கிறான் என்றால் விஷயம் சாதாரணம் இல்லை என்று எனக்குப் பட்டது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். அஜ்மானில் எங்கள் கட்டட வாசலிலிருந்து மதாம் மணல் கிராமம் 78 கிலோமீட்டர் காட்டியது. மதியம் ஒன்றே கால் மணிக்குக் கிளம்பினோம். எமிரேட்ஸ் ரோட்டில் ஏறி, துபாய்க்குள் நுழையாமல் உள்வழியாகப் போனால் சாலிக் என்கிற சுங்கம் கட்ட வேண்டாம். பெட்ரோல் போக வர நாற்பது திர்ஹாமுக்குள் முடிந்தது. மதாம் ரவுண்டானா பக்கத்தில் ஒரு மலையாளி கடையில் கரக் சாயா ஒன்றரை திர்ஹாம், முட்டைப் பரோட்டா ஐந்து திர்ஹாம். பரோட்டா சுமார், சாயா பரவாயில்லை. இதற்குப் பிறகு கடை கிடையாது, தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டிப் பலகையில் மதாம் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் மேடம் என்றுதான் படிக்க வரும். "மேடத்தோட ஊருக்கே மேடத்தைக் கூட்டிட்டுப் போறேன்," என்று என் வீட்டுக்காரர் வழி நெடுகப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அவர் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். ஆட்டைப் பிரியாணியில் மட்டும் பார்த்தவர். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

கிராமத்துக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் மணல். உயரமான வண்டி இல்லாதவர்கள் தார் ரோட்டு ஓரத்திலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். நானும் படித்துக் காட்டினேன். "அந்தப் பக்கம் ஒரு டயர் தடம் போகுது பாரு," என்று இவர் காரை இறக்கினார். முந்நூறு மீட்டர்கூடப் போகவில்லை, முன் சக்கரம் பாதி புதைந்துவிட்டது.

நல்லவேளை, தண்ணீர் டேங்கர் ஒன்று அந்த வழியாக வந்தது. ஓட்டுநர் ஒரு பட்டாணியர், பெயர் குல் பாய். இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக் காரைச் சுற்றிப் பார்த்தார். "பெஹன்ஜி, யே ஊண்ட் நஹீ ஹை," என்றார். இது ஒட்டகம் இல்லையம்மா, கார், என்று எனக்கு எடுத்துச் சொன்னாராம். கயிறு கட்டி இழுத்துத் தார் ரோட்டில் விட்டார். காசு நீட்டினால் நெஞ்சில் கை வைத்து வேண்டாம் என்றுவிட்டார். இங்கே எங்கே வந்தீர்கள் என்று கேட்டார். முத்துராஜைப் பார்க்க என்றேன்.

"முத்து? வோ பாகல்?" என்று சிரித்தார். அந்தப் பைத்தியமா என்று கேட்கிறார். தொடர்ந்து வெள்ளந்தியாக இன்னொன்றும் சொன்னார். "வோ தோ ஆஜ் ஜா ரஹா ஹை. மக்ரிப் கே டைம், மேரே சாத்." இன்று பொழுது சாயும்போது பண்ணைக்குத் தண்ணீர் கொண்டு வருகிறாராம். திரும்பிப் போகும்போது முத்துவையும் ஏற்றிக்கொண்டு ஷார்ஜாவில் இறக்கிவிடுவதாகப் பேச்சாம். ஏதோ லீவு கிடைத்துப் போகிறான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஓடிப் போவேன் என்றவன் ஓட நாளே குறித்துவிட்டான். அப்போது மணி மூன்று. சூரியன் மறைய இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை.

காரை ரோட்டோரம் விட்டுவிட்டு நடந்தோம். முத்து போனை எடுக்கவில்லை. பண்ணைக்குப் போகிற வழியும் மணல் கிராமத்தை ஒட்டித்தான் போகிறது, அதனால் வீடுகளைப் பார்த்தபடியே போனோம். எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள், ஒரு கோடியில் மசூதி. அரசாங்கம் கட்டிக் கொடுத்து, ஜனங்கள் கொஞ்ச காலம் இருந்துவிட்டு அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். மணல் தாங்காமல் போனார்கள் என்கிறார்கள் சிலர். ஜின் விரட்டியது என்கிறார்கள் பலர். எனக்குப் பேய் மேல் நம்பிக்கை கிடையாது. பேய்க்கு என் மேல் என்ன அபிப்பிராயம் என்று தெரியாததால் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொள்வேன்.

மசூதி பக்கம் ஒரு ஜோடி கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் சிரிப்புச் சத்தம் கேட்கிறவரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நாலு வீடு தாண்டியதும் அந்தச் சத்தம் சட்டென்று அற்றுப் போனது. கதவுகள் திறந்தபடி நிற்கின்றன, மூட முடியாது, பாதி உயரத்துக்கு மணல். உள்ளே குனிந்துதான் போக வேண்டும், ஏனென்றால் நாம் நிற்கிற தரை ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. சுவரில் நீலப் பெயின்ட் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. ஒரு வீட்டில் சுவிட்ச் போர்டு என் முழங்கால் மட்டத்தில் இருந்தது. பழக்க தோஷம், தட்டிப் பார்த்தேன்.

இடது வரிசையில் கடைசிக்கு முந்தின வீட்டில் ஓர் ஆடு நின்றது.

வெள்ளை ஆடு, காது மட்டும் கறுப்பு. நெற்றியை நீலச் சுவரில் முட்டுக் கொடுத்து நின்றது. முட்டவும் இல்லை, உரசவும் இல்லை, சும்மா வைத்துக்கொண்டு நின்றது. காற்று கொண்டு வந்த மணல் அதன் குளம்பை மூடிக் கணுக்கால் வரை ஏறியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறதோ தெரியவில்லை. கை தட்டினேன். ஆடு மேய்க்கிறவர்கள் போடுகிற சத்தம் போட்டுப் பார்த்தேன். காதுகூட அசையவில்லை. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் கண் திறந்துதான் இருக்கிறது. ஓர் ஈ வந்து கண்மேலேயே உட்கார்ந்தது. அது இமைக்கவில்லை.

"செத்துப் போச்சா?" என்று இவர் வாசலிலிருந்தே கேட்டார்.

அந்த நேரம் பார்த்து அதற்கு உடம்பெல்லாம் நடுங்கியது. நெற்றியை எடுத்து, முன்னங்காலை மார்பு உயரத்துக்குத் தூக்கி, இல்லாத ஒரு படியில் ஏறுகிறாற்போல் வைத்தது. தரை சமமாகத்தான் இருந்தது. மறுபடியும் காலை அதே உயரத்துக்குத் தூக்கி வைத்தது. இப்படியே மூன்று எட்டு நடந்து அடுத்த சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டது. ஐயோ சாமி என்று நான் வெளியே ஓடி வந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் ஓடினேன்.

வெளியே முத்து நின்றான். தப்பிப் போன ஆட்டைத் தேடி வந்திருக்கிறான். ஆள் பாதியாகிப் போயிருந்தான், கன்னமெல்லாம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் எங்கள் தோளுக்குப் பின்னாலே பார்த்தான்.

"எப்பக்கா வந்த? கூட வந்திருக்கது யாரு?"

"அத்தான்லே! அத்தானத் தெரியலயா உனக்கு?"

"அத்தானத் தெரியுது. அவரு பக்கத்துல இன்னொரு ஆளு நிக்கே."

இவர் மெதுவாகத் தன் இடதுபக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே மணல்தான் இருந்தது. முத்து கண்ணைக் கசக்கிவிட்டு, "சரி, விடு," என்றான். ஆட்டைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். ஆடு கத்தவும் இல்லை, உதைக்கவும் இல்லை.

பண்ணை அங்கிருந்து இருபது நிமிட நடை. பண்ணை வீட்டைப் பார்த்துக்கொள்ள சாரதா அக்கா என்று யாழ்ப்பாணத்துப் பெண்மணி இருக்கிறார், சாவகச்சேரிக்காரர், ஐம்பது வயதிருக்கும். முதலாளியும், இவர்கள் மேடம் என்று கூப்பிடும் அவர் மனைவியும் ஷார்ஜாவில் இருக்கிறார்கள், வாரக் கடைசியில்தான் வருவார்கள். அந்த வாரம் வரவில்லை. முத்து பட்டியில் கறந்த பாலில் டீ போட்டுக் கொடுத்தான். நன்றாக இருந்தது. நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். சாரதா அக்கா மட்டும் தனக்குப் பால் பவுடர் கலந்து குடித்தார். ஆட்டுப் பால் வாடை தனக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியைப் பார்த்தேன். முப்பது ஆடாவது இருக்கும். ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான். ஆடு என்றால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒன்று கத்தினால் பத்துக் கத்தும். இங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. ஒரு சத்தம் இல்லை. ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் வாயை வைத்தபடி குடிக்காமல் நின்றது. இன்னொன்று வேலிக் கம்பியின் நிழலைத் தாண்டக் குதித்தது, திரும்பவும் அதே நிழலைத் தாண்டிக் குதித்தது. இந்த அமைதிக்கு நடுவில் எங்கிருந்தோ சன்னமாகச் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. காற்று வீசினால் கேட்கும், நின்றால் நிற்கும்.

"கேக்கா?" என்றான் முத்து. "தெனமும் பொழுது சாயயில கேக்கும். அந்த மண்ணு வீடுக பக்கமிருந்து வருது. ரெண்டு ஆடு செத்தாச்சுக்கா. ஆட்டுக்குள்ள ஏதோ பூந்துட்டு. நான் சும்மா சொல்லல, இது ஆடு இல்லங்கதுக்கு என்கிட்ட அத்தாட்சி இருக்கு."

வா காட்டுகிறேன் என்று வீட்டு வேலிப் பக்கம் கூட்டிப் போனான். வேலி நெடுகச் சொட்டு நீர்க் குழாய் போட்டு, இடுப்பளவுக்கு ஒரு செடி வைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழுஞ்சி! சீப்புப் போல இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை, அவரைப் பூ மாதிரி ஊதாப் பூ. நம் பக்கத்தில் தரிசெல்லாம் தானாக முளைத்துக் கிடக்கும், வயலுக்குத் தழையுரமாகப் போட்டு மிதிப்போம். அதைப் போய் அரபி வீட்டில் தண்ணீர் விட்டு வளர்த்திருக்கிறார்களே என்று தோன்றியது.

"கொழுஞ்சிதான?" என்றான் முத்து.

"கொழுஞ்சியேதான்," என்றேன்.

"நம்மூர்ல கொழுஞ்சியில ஆடு வாய வைக்குமாக்கா? நீயே சொல்லு."

"பட்டினி கெடந்தாலும் வைக்காதே."

"ஆங்! இதுக வைக்குது. மேடம் இதக் கவாத்துப் பண்ணச் சொன்னாவ. வெட்டுன தழைய எங்க போட? ஆடு திங்காதுங்கற தைரியத்துல பட்டியில பரப்பிவிட்டேன், புழுக்கையோட மிதிபட்டா எருவாகுமேன்னு. ராத்திரியோட ராத்திரியா அத்தனையும் தின்னுட்டு. அதுலேருந்து தீவனம் போட்டாத் திரும்பிப் பாக்கல. வேலியில தலைய விட்டு இதத்தான் கடிக்குது. நானும் வெட்டிப் போட்டுக்கிட்டே இருந்தேன், என்னதான் செய்யுதுன்னு பாக்க. ஆடா இருந்தாக் கொழுஞ்சி திங்குமா? அப்ப இது ஆடா?"

அவன் சொன்னதில் ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. கொழுஞ்சியை ஆடு தின்னாது. இது தின்கிறது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, பட்டியில் அத்தனை தலையும் இப்போது எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு நிமிடம், சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அவன் கட்சிக்குப் போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு பூவைப் பறித்து முகர்ந்தபடி, "கொழுஞ்சின்னா என்ன?" என்றார். ஊர்ச் செடி என்றேன். "ஓ. இது அதுதான்னு எப்படித் தெரியும்?"

பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், இது தெரியாதா என்று சுள்ளென்று விழுந்தேன். அவர் தோளைக் குலுக்கினார். "இல்ல, நீங்க ரெண்டு பேரும் ஆடு ஆடான்னு பாக்குறீங்க. செடி செடிதானான்னு யாரும் பாக்கலையேன்னு கேட்டேன்."

கொழுஞ்சியே தெரியாத ஆளால்தான் இதைக் கேட்க முடியும். வீம்புக்காகக் காயைக் காட்டி வாயடைக்கலாம் என்று ஒரு கிளையை இழுத்தேன். கொழுஞ்சிக் காய் எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், தட்டையாக, விரல் நீளத்துக்கு, சின்னதாக வளைந்திருக்கும். இதில் தொங்கியது காற்றடித்த குட்டி பலூன். அமுக்கினால் டப் என்று உடைந்தது. பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொழுஞ்சிப் பூவைவிட ரொம்பப் பெரிது. காய்ந்த நெற்றுகள் அடிக்கிளை முழுக்கத் தொங்கின. காற்று வந்தது. உள்ளே விதை உருண்டு, வேலி நெடுகச் சலங்கை குலுங்கியது.

முத்து ஒரு நெற்றைப் பிடுங்கிக் காதருகே வைத்து ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

சாரதா அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா, இது என்ன செடி?

"உது மேடத்தின்ர பூக்கண்டு," என்றார். "அவ ஆஸ்திரேலியாவில படிச்சவ. அங்கயிருந்து விதை கொண்டுவந்து தன்ர கையால நட்டவ. பேர் ஒண்டும் தெரியாது பிள்ளை. டார்லிங், டார்லிங் எண்டுதான் கூப்பிடுறவ. வந்த உடன முதல் கேள்வி, ஹவ் இஸ் மை டார்லிங். அவ்வளவு செல்லம்."

செல்லம்தான் என்று நானும் நினைத்தேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. போனில் ஒற்றைக் கோடு சிக்னல். டார்லிங், பூ, ஆஸ்திரேலியா என்று போட்டேன். சுற்றிச் சுற்றிக் கடைசியில் படம் வந்தது. அதே பூ, அதே பலூன் காய். டார்லிங் பீ என்று பெயர். டார்லிங் அங்கே ஓர் ஆற்றின் பெயராம். பயறு, அவரைக் குடும்பம், ஆகவே கொழுஞ்சிக்குத் தூரத்துச் சொந்தம். ஆடு, மாடு, குதிரை எது தின்றாலும் நரம்பைப் பிடிக்குமாம். முதலில் ருசி பிடித்து, பிறகு வேறு தீவனத்தைத் தொடாதாம். கூட்டத்தை விட்டு விலகி நிற்குமாம். வெறித்துப் பார்க்குமாம். நடுங்குமாம். இல்லாததைத் தாண்டக் காலை உயரத் தூக்குமாம்.

தமிழாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். முத்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நாந்தான் வெட்டி வெட்டிப் போட்டேனா?"

"நீ எருவுக்குத்தானடா போட்ட. உனக்கு என்ன தெரியும்?"

"அப்ப எனக்குக் கிறுக்குப் பிடிக்கலதானக்கா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு ஒரு அழுகை அழுதான் பாருங்கள், எனக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மாதக்கணக்கில் அந்த ஆடுகளோடு தனியாக இருந்து, தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். செல்வியிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான்.

இனி மேடத்திடம் யார் சொல்வது? உங்கள் செல்லச் செடிதான் உங்கள் ஆட்டைக் கொல்கிறது என்று சொன்னால், ஆடு செத்த பழிக்குத் தப்ப வேலைக்காரன் கதை கட்டுகிறான் என்றுதானே நினைப்பார்கள். சாரதா அக்கா கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். "நம்பாட்டி என்ர வேலையும் போயிடும். சரி, என்ன செய்யிறது, நானே சொல்லுறன்," என்று போனை எடுத்தார். அரபியில் பேசினார். நான் என் போனில் வந்த படங்களை அவருக்கு அனுப்பினேன், அவர் மேடத்துக்கு அனுப்பினார். அந்தப் பக்கம் மேடம் படங்களைப் பார்க்கிறாராம். சாரதா அக்கா போனைக் காதில் வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது டேங்கர் ஹாரன் கேட்டது. குல் பாய் வந்துவிட்டார். தண்ணீர் வண்டிச் சத்தம் கேட்டால் ஆடு ஓடிவர வேண்டும். ஒன்றுகூடத் திரும்பவில்லை. அத்தனையும் எங்கள் பக்கம், செடியின் பக்கம் பார்த்தபடி நின்றன. முத்துவின் பை அவன் ரூம் வாசலிலேயே கட்டி வைத்திருந்தது. அவன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். நான் பேச வாயெடுத்தேன், இவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"யல்லா முத்து, ஜல்தி," என்று அவசரப்படுத்தினார் குல் பாய்.

முத்து பையைக் காலால் ரூமுக்குள் தள்ளிவிட்டு, டேங்கரின் குழாயை உருவித் தொட்டியில் மாட்டினான். "மாஃபி பாய். இன்னைக்கு இல்ல," என்றான் தமிழும் அரபியுமாக. குல் பாய் என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் வால்வைத் திறந்தார்.

மேடம் கடைசியில் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தானாம். இனி ஓர் இலைகூட ஆட்டுக்குப் போகக் கூடாது, நாளைக்கே ஆள் வரும். செடியைப் பிடுங்குகிறேன் என்றும் சொல்லவில்லை, முத்துவைத் திட்டவும் இல்லை.

திரும்பும்போது ஏழு மணி தாண்டிவிட்டது. இவர் ஓட்ட, நான் மிச்சத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன். தாயாடு இதைத் தின்றால் விஷம் பாலிலும் இறங்கும் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. மனுஷருக்கு என்ன ஆகும் என்று ஒன்றும் போடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் இவர், "அவன் என் பக்கத்துல ஒரு ஆள் நிக்குதுன்னானே," என்றார். ஆமாம் என்றேன். "அவன் தினமும் அந்தப் பால்தானே குடிக்கிறான்?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டு கிளாஸ் டீ குடித்தவள் நான். அஜ்மான் வருகிறவரைக்கும் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முத்துவுக்குப் போன் போட்டு, இனி கடையில் விற்கிற பால்தான், ஆட்டுப் பாலை நாக்கில்கூட வைக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். டாக்டரிடம் காட்டச் சொல்லியும் தொல்லை செய்தேன், போனான். பயப்பட ஒன்றும் இல்லை, நன்றாகத் தூங்கு, சாப்பிடு என்றாராம். பாலால்தானா, பயத்தாலா, தனிமையாலா, எனக்குத் தெரியாது. நான் மருத்துவம் படித்தவள் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நாங்கள் போனபோது கட்டணம் எதுவும் இல்லை. குளிர் மாதங்களில் மூன்று மணி வாக்கில் போனால் வெளிச்சம் நன்றாக இருக்கும், இருட்டுவதற்குள் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். காரை மணலில் இறக்காதீர்கள், உங்கள் வீட்டுக்காரர் என்ன டயர் தடத்தைக் காட்டினாலும் சரி. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் ஆட்டைக் கண்டால் கையில் கிடைத்த தழையைப் பறித்து நீட்டாதீர்கள். நமக்கு ரொம்பத் தெரிந்த செடி என்று தோன்றினால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். நானும் முத்துவும் ஒரு வினாடிகூடச் செடியைச் சந்தேகப்படவில்லை. தெரிந்ததாயிற்றே என்று ஆட்டைச் சந்தேகப்பட்டோம், பேயைச் சந்தேகப்பட்டோம், அவன் தன்னையே சந்தேகப்பட்டான்.

போன வாரம் முத்து ஒரு படம் அனுப்பினான். மேடம் செடியைப் பிடுங்கவில்லை, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு நெருக்கமான கம்பி வலை அடித்துவிட்டார். உள்ளே டார்லிங் பூத்துக் குலுங்குகிறது. வெளியே பாதி ஆடு தீவனம் தின்னத் தொடங்கிவிட்டது. மீதிப் பாதி வரிசையாக வலையில் நெற்றியை வைத்து நிற்கிறது, அந்தக் காது கறுத்த வெள்ளை ஆடும் நிற்கிறது. பார்க்கவே திகிலாக இருந்தது, படத்தை உடனே அழித்துவிட்டேன். அதோடு ஒரு குரல் பதிவும் வந்தது. அதை அழிக்கவில்லை.

"அக்கா, இப்ப அதுக என்னப் பாக்கலக்கா, பூவத்தான் பாக்குது. மே மாசத்துக்கு டிக்கெட் போட்டாச்சு. நேத்து பிள்ளையோட ரொம்ப நேரம் வீடியோவுல பேசினேன். அவ பின்னால வெறுஞ் சொவருதான்க்கா இருந்துச்சு."